களைப்புக்கு அஞ்சு மார்க்கு, களைச்சவளுக்கு மெமோ

டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கிறவன் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. அதனால் மருந்து, மாத்திரை ஆலோசனை எதுவும் இங்கே கிடைக்காது. கணக்கு கிடைக்கும். கொஞ்சம் கோபமும் கிடைக்கும்.

மக்களே, டெய்லரை ஞாபகம் இருக்கிறதா? துணி தைக்கிற டெய்லர் இல்லை, மேனேஜ்மென்ட் பேப்பரில் வருகிற ஃபிரெடரிக் டெய்லர். நேர ஆய்வு, இயக்க ஆய்வு, களைப்பு ஆய்வு என்று மூன்றையும் வரிசையாக ஒப்பித்தால் அஞ்சு மார்க் நிச்சயம். களைப்பு ஆய்வு என்றால்? வேலை செய்கிறவன் எப்போது களைக்கிறான், எவ்வளவு ஓய்வு கொடுத்தால் பழைய நிலைக்கு வருவான் என்று கண்டுபிடித்து அதற்குத் தக்கபடி வேலையை அமைப்பது. 1911இல் வந்த அவருடைய புத்தகத்தில் பெத்லஹேம் இரும்பாலைக் கதை ஒன்று இருக்கிறது. 92 பவுண்டு இரும்புக் கட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் வேலை. ஒரு ஆள் நாளைக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தது 47.5 டன்னாக உயர்ந்தது என்று பெருமையாக எழுதியிருப்பார். வகுப்பில் இந்த 47.5ஐ மட்டும் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே, அந்த ஆள் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி 57 சதவீத நேரம் கையில் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை. (டெய்லர் அந்தக் கதையில் நிறையவே மசாலா சேர்த்திருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது தனிக் கச்சேரி.) நான் சொல்ல வருவது, தொழிலாளியைப் பிழிந்தெடுத்தவர் என்று பேர் வாங்கிய அந்த மனுஷனே களைப்பை ஒரு உண்மையான பொருளாக, அளந்து கணக்கில் எழுத வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டார்.

இதே பாடத்தைப் படித்துப் பாஸ் பண்ணி, அதற்கு மேல் எம்.பி.ஏ.வும் முடித்த ஒரு ஹெச்.ஆர். அதிகாரி என் அக்காவிடம் சொன்னது: "டயர்டா இருக்குன்னா எல்லாருக்கும்தாம்மா டயர்டா இருக்கு. எனக்கு இல்லையா?"

அக்கா என்றால் பெரியம்மா பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் பிரிவில் வேலை. பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். 2021 மே மாதம் இரண்டாவது அலையில் அவளுக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு இல்லை, பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் காய்ச்சலோடு போகவேண்டிய மற்றது போகவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி. எக்செல்லில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் முந்தைய வரி மறந்துவிடும். குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் படுத்தால்தான் தலை வார முடியும். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், பி12, வைட்டமின் டி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ரிப்போர்ட் நார்மலாக வந்ததற்காக ஒருத்தி அழுததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் தரப்பு மருத்துவம் வழக்கம்போல: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப்போயிடும்."

2023இல்தான் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ், அல்லது க்ரானிக் ஃபேட்டிக் சிண்ட்ரோம். சுருக்கமாக எம்.ஈ./சி.எஃப்.எஸ். தமிழில் நாள்பட்ட களைப்பு நோய் என்று எழுதுகிறார்கள்.

பிரச்சினையே இந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. நம் மொழியில் களைப்புக்குப் பஞ்சமே கிடையாது. அசதி, அலுப்பு, சோர்வு, எங்கள் பக்கத்தில் சடைவு. தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு தடவையாவது சொல்லிக்கொள்கிற வார்த்தைகள். அதனால் 'களைப்பு நோய்' என்று சொன்னதும் கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. நீரிழிவுக்கு 'தாக நோய்' என்று பெயர் வைத்திருந்தால் சர்க்கரை நோயாளியைப் பார்த்தும் "எனக்கும்தான் தாகம் எடுக்குது" என்றிருப்பார்கள்.

இது அந்தச் சாயங்கால அலுப்பு இல்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இதன் அடையாளங்களைச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும், முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கான இழப்பு. ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு. தூங்கினாலும் புத்துணர்ச்சி இல்லாமை. கூடவே மூளை மந்தமாவது, அல்லது நிமிர்ந்து நின்றால் தலை சுற்றி இதயம் அடித்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக இந்த நோயின் முத்திரை ஒன்று இருக்கிறது: சக்திக்கு மீறி எதையாவது செய்தால், உடல் உழைப்போ மூளை உழைப்போ, அதற்கான தண்டனை பிறகு வரும். உடனே வராது, பன்னிரண்டு மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து வரும். வந்தால் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இருக்கும்.

காமர்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது மீட்டர் வட்டி. நாமெல்லாம் களைப்பாக இருக்கும்போது இன்னும் ஒரு மணி நேரம் உழைத்தால் உடம்பு வட்டியில்லாக் கடன் கொடுக்கும், ஞாயிற்றுக்கிழமை தூங்கி அடைத்துவிடலாம். இவர்களுக்குக் கடன் கொடுக்கிறவன் கந்துவட்டிக்காரன். திங்கட்கிழமை வாங்கிய நூறுக்குப் புதன்கிழமை முன்னூறு எடுத்துவைக்க வேண்டும்.

இந்தத் தாமதம்தான் ஆபீஸில் ஆளைக் கொல்கிறது. திங்கட்கிழமை மாதக் கடைசி கிளோசிங்குக்காக அக்கா ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்பாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருப்பார். செவ்வாய் சுமாராகப் போகும். புதன் காலை எழுந்திருக்க முடியாது. மேனேஜரின் கணக்கு எப்படிப் போகும்? "நேத்து முந்தாநாள் நல்லாத்தான இருந்தா? இன்னைக்கு என்ன திடீர்னு?" திங்களையும் புதனையும் இணைக்கிற கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கே ஒரு வருஷம் தெரியவில்லை.

நம்பாமல் இருப்பதற்கு இந்த நோயில் ஒரு நீண்ட பாரம்பரியமே உண்டு. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் இப்படிப்பட்ட நோயில் விழுந்தார்கள். ஜூலை கடைசியில் மூடிய மருத்துவமனையை அக்டோபரில்தான் திறக்க முடிந்தது. விழுந்தவர்கள் யார்? நர்சுகள், டாக்டர்கள். அதாவது வேலைக்கு லீவு போட்டு ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். பதினைந்து வருஷம் கழித்து, 1970இல், இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. (இதைப் படித்தபோது எங்கள் சொந்தக்காரர்களின் 'கல்யாணம் பண்ணி வச்சா' ஞாபகம் வந்தது. நாடு வேறு, கண்டுபிடிப்பு ஒன்று.) அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1969இல், உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்திருந்தது. ஆனாலும் எண்பதுகளில் பத்திரிகைகள் வைத்த பெயர் 'யப்பி ஃப்ளூ'. பணக்கார வீட்டு இளைஞர்களுக்கு வரும் சொகுசுக் காய்ச்சல் என்று அர்த்தம்.

அப்புறம் வந்தது இன்னொரு கூத்து. 2011இல் பேஸ் என்ற ஆய்வு லான்செட் இதழில் வெளியானது. 641 நோயாளிகள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினாலும், மனநல ஆலோசனை கொடுத்தாலும் முன்னேற்றம் வருகிறது என்றது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டன் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையும் ஒன்று. நோயாளிகள் அப்போதே கத்தினார்கள், பயிற்சி செய்யச் செய்யப் படுத்த படுக்கையாகிறோம் என்று. அவர்கள் சண்டை போட்டு, 2016இல் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் ஆய்வின் மூலத் தரவு வெளியே வந்தது. ஆய்வாளர்கள் முதலில் வகுத்துக்கொண்ட அளவுகோலின்படியே திரும்பக் கணக்குப் பார்த்தபோது, 'குணமானார்கள்' என்று சொன்னது நிற்கவில்லை. 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டியை மாற்றி எழுதி, அந்தப் படிப்படியான உடற்பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அக்காவின் கம்பெனியும் அவளுக்கு 'உதவி' செய்தது. கிண்டல் இல்லை, நிஜமாகவே நல்ல எண்ணத்தில். 'வெல்னஸ் வாரம்' என்று ஒன்று நடத்தி எல்லோர் போனிலும் நடை எண்ணும் ஆப் போடவைத்து, தினமும் பத்தாயிரம் அடி நடக்கிற டீமுக்குப் பரிசு என்றார்கள். டீமுக்காக அவள் நடந்தாள். நாலு நாள். அதற்கு விலை பதினெட்டு நாள். (இந்தப் பத்தாயிரம் என்ற எண்ணே 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை, விளம்பரம்.)

அவள் கேட்டது என்ன என்று பார்ப்போம். டாக்டர் சான்றிதழோடு ஒரு மெயில் அனுப்பினாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. ஆபீஸ் வரும் நாட்களில் ஒன்பது மணிக்குப் பதில் பதினொன்று. மதியம் அரை மணி நேரம் படுக்க ஒரு இடம். இடம் ஏற்கனவே இருந்தது. மெடிக்கல் ரூம் என்று பலகை மாட்டிய ஒரு அறை, அதில் ஒரு கட்டில், கட்டில் மேல் பழைய மானிட்டர்கள். பதில் வந்தது: எல்லோருக்கும் ஒரே விதி, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், பாலிசியில் இடமில்லை.

2020 மார்ச் கடைசியிலிருந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனி மொத்தமும் வீட்டிலிருந்துதான் ஓடியது. அந்தக் காலத்தில் அக்காவுக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மெயிலில்தான் வந்தது. கிருமி எல்லோருக்கும் பயம் காட்டியபோது சாத்தியமாக இருந்த ஒன்று, கிருமி ஒருத்தியை மட்டும் கெடுத்துவிட்டுப் போனபின் எப்படிச் சாத்தியமில்லாமல் போகிறது?

பாலிசி என்கிறார்களே, அந்தப் பாலிசி எதை அளக்கிறது? வேலையையா? இல்லை, வருகையை. இதை நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கற்றுக்கொண்டு வருகிறோம். ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்கு ஒரு டிபன் பாக்ஸோ குடமோ பரிசு. காய்ச்சலோடு வந்து வகுப்புக்கே ஒட்டிவிட்டுப் போனவனுக்கும் அந்தப் பரிசு உண்டு. கல்லூரிக்கு வந்தால் 75 சதவீதம். குறைந்தால் சான்றிதழும் பணமும் கட்டி கண்டோனேஷன். கண்டோனேஷன் என்றால் மன்னிப்பு! டெங்குவில் படுத்ததற்கு நாம் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டுகிறோம், இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை. அப்புறம் மில்லிலும் ஆபீஸிலும் 'அட்டெண்டன்ஸ் போனஸ்': மாதத்தில் ஒரு நாள் போனால் மொத்தமும் போச்சு.

பிரிட்டனில் பல நிறுவனங்கள் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கின்றன. பிராட்ஃபோர்டு காரணி. வருஷத்தில் எத்தனை தடவை லீவு எடுத்தாய் என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த லீவு நாட்களால் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். கால் உடைந்து தொடர்ந்து பத்து நாள் போகாதவனுக்கு 1 × 1 × 10, ஆக 10. பத்துத் தடவை ஒவ்வொரு நாளாகப் போகாதவளுக்கு 10 × 10 × 10, ஆக 1000. இரண்டு பேரும் கம்பெனிக்கு இழந்தது அதே பத்து நாள். ஆனால் ஒருத்தி நூறு மடங்கு குற்றவாளி. துண்டு துண்டாக எடுக்கும் லீவு நிர்வாகத்துக்கு அதிகத் தொல்லை என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நோயே துண்டு துண்டாக வரும்போது? இந்தச் சூத்திரத்துக்குப் பயந்து அவள் என்ன செய்வாள்? ஒரு நாள் ஓய்வெடுத்தால் தீர்கிற புதன்கிழமையில் வேலைக்கு வருவாள். அடுத்த வாரம் மொத்தமாக விழுவாள். மீட்டர் வட்டிக்குச் சக்கர வட்டி.

இப்போது கணக்குக்கு வருவோம், நம்ம ஏரியா. காஸ்ட் அக்கவுண்டிங்கில் லேபர் சாப்டரைத் திறந்தால் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, ஐடில் டைம். வாசலிலிருந்து இயந்திரத்துக்கு நடந்து போகும் நேரம், இயந்திரத்தைத் தயார் செய்யும் நேரம், டீ நேரம் எல்லாம் 'நார்மல்'. அதை உற்பத்திச் செலவிலேயே சேர்த்துவிடலாம், யாரும் மெமோ கொடுக்க மாட்டார்கள். இயந்திரத்துக்குப் பராமரிப்பு நேரம் உண்டு, தேய்மானம் உண்டு, தேய்மானத்துக்கு வரிச்சலுகை உண்டு. ஊழியர் தேய்ந்தால் மட்டும் அது ஒழுக்கக் கேடு.

இன்னொன்று, லேபர் டர்ன்ஓவர். ஆள் போய் ஆள் வருவதால் ஆகும் செலவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லித் தந்தார்கள்: போகாமல் தடுக்க ஆகும் செலவு, போனபின் ஈடுகட்ட ஆகும் செலவு. முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. அக்கா விஷயத்தில் முதலாவது என்ன? கட்டிலின் மேலிருந்த மானிட்டர்களை எடுத்துக் கீழே வைக்கும் செலவு. இரண்டாவது? அவள் 2023 நவம்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபின் நாலு மாசம் அந்த இடம் காலி. எந்த சப்ளையர் எந்த மாதிரி பில்லில் ஏமாற்றுவார் என்று ஆறு வருஷமாக அவள் தலையில் சேர்த்து வைத்திருந்தது எந்த லெட்ஜரிலும் இல்லை. புதிதாக வந்தவர் போன் பண்ணி அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள், படுத்துக்கொண்டே. ஆக, படுத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்ய முடியும் என்பது நிரூபணம் ஆயிற்று, சம்பளம் இல்லாமல் :-)

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பணியிட மாற்றங்களுக்கு ஆலோசனை தரவே ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. முதலாளிகளிடமே கேட்டு அவர்கள் நடத்தும் கணக்கெடுப்பில், செய்துகொடுத்த மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஒரு பைசா செலவில்லை. ஆச்சரியமில்லை. மீட்டிங்கில் வாயால் சொல்வதை மெயிலில் எழுதித் தருவதற்கு என்ன செலவு? தலைக்கு நேர் மேலே இருக்கிற ட்யூப் லைட்டை அணைப்பதற்கு?

'அப்படியே விட்டா எல்லாரும் களைப்பு நோயின்னு வந்து நிப்பாங்க' என்பதுதான் எல்லோரும் சொல்கிற மறுப்பு. ரத்தப் பரிசோதனையில் காட்ட முடியாத நோய் என்பது நிஜம். (2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து எட்டு இடங்களில் வேறுபாடு இருப்பதாக முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. பரிசோதனைக் குழாய்க்கு அது வந்து சேர நாளாகும்.) ஒற்றைத் தலைவலிக்கும்தான் ரத்தப் பரிசோதனை இல்லை. போலி பில் போட்டு இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுக்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அதற்காக இன்புட் கிரெடிட்டையே ரத்து செய்துவிட்டார்களா? ஆடிட் பண்ணுகிறார்கள், பிடிக்கிறார்கள், ஒழுங்காகத் தொழில் செய்கிறவனுக்குக் கிரெடிட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வரி ஏய்ப்பவனிடம் காட்டுகிற பொறுமையில் ஒரு பங்கை நோயாளியிடம் காட்டக் கூடாதா?

அப்புறம், சக ஊழியர்களுக்குப் பாரம் என்பார்கள். இதை நான் சும்மா ஒதுக்க மாட்டேன். அக்கா வராத புதன்கிழமைகளில் அவள் பில்களும் பக்கத்து சீட்காரர் தலையில் விழுந்தன. அவர் எரிச்சல்பட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. கைக்குழந்தைக்காரர், அவரும் வீட்டுக்குப் போக வேண்டாமா? ஆனால் வேலையைப் பங்கு பிரிக்கிற அதிகாரம் மேனேஜருக்கு. இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்ய விட்டிருந்தால் புதன்கிழமை பாதி பில்லாவது நகர்ந்திருக்கும். விதியைத் தளர்த்தாமல் வைத்துவிட்டு, அதன் பளுவை இரண்டு ஊழியர்களுக்கு நடுவே போட்டு, அவர்களை ஒருவரையொருவர் முறைக்க வைத்தது யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு. பேதி, காய்ச்சலுக்குப் போட்ட கணக்கு அது. ஈ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. அதற்கு மேல் நீட்டிக்க 34 நீண்டகால நோய்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இது இல்லை. அதுவும் மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு. அக்கா சம்பளம் 28,000. ஏழாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கிய பாவத்துக்கு அந்தக் கதவும் கிடையாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வந்து 21 வகை குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற தலைப்பும் அதில் இருக்கிறது. உதாரணமாக மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், பார்க்கின்சன் என்று இரண்டு பெயர்கள். எம்.ஈ. பெயர் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பதற்கான பொது வரையறை பட்டியலை விட அகலமானது: நீண்டகாலக் குறைபாடு, அது சுற்றுப்புறத் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுப்பது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்பு நோய் உள்ளவர், யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் தருவோம் என்றார்கள். அந்த 40 இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவு, நியாயமான வசதி செய்துகொடுப்பதற்கு அது நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம். எம்.ஈ. நோயாளிகளுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டிப் பார்க்கக் காசும் தெம்பும் வேண்டும். தெம்பு இல்லை என்பதுதானே நோய்! வந்து வந்து போகிற நோயையும் குறைபாடாக ஏற்க வேண்டும் என்று அமெரிக்கா 2008லேயே தன் சட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி வெளிப்படையாக வேண்டும், அந்தப் பட்டியலில் இந்த நோயின் பெயரும் வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று கேட்பவர்கள் ஒரு தடவை தி.நகர் பக்கம் போய் வாருங்கள். துணிக்கடைகளில் பெண்கள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே புடவை எடுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, தொழில் கெட்டுவிடும் என்றார்கள். 2018இல் கேரளா, 2021இல் தமிழ்நாடு, ஊழியர்களுக்கு நாற்காலி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தன. எந்தக் கடை மூடியது? எல்லாக் கடையிலும் ஒழுங்காக நாற்காலி வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்கக் கூடாததாக இருந்தது கேட்கக் கூடியதாக ஆனது. நிற்பதே நோயைக் கிளப்பிவிடுகிற எம்.ஈ.காரிக்கு அந்த ஒரு நாற்காலி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரையும் வேலைக்கு மீட்டுவிடலாம் என்று நான் ரீல் விடவில்லை. அந்த 2015 அறிக்கைப்படி இந்த நோயாளிகளில் குறைந்தது கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குகிறார்கள். அவர்களுக்குத் தேவை நாற்காலி இல்லை, உதவித்தொகை. ஆனால் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 2021-22இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 1.3 சதவீதம் பேர் இந்த நோய் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த விகிதம் இங்கேயும் இருந்தால் ஆயிரம் பேர் உள்ள ஆபீஸில் 13 பேர். அவர்களில் பலர் பெயர் தெரியாமலே, "நான்தான் சோம்பேறி" என்று நினைத்துக்கொண்டு வந்துபோய்க் கொண்டிருப்பார்கள். லாரா ஹில்லன்பிராண்ட் 1987இல் கல்லூரியில் படிக்கும்போது இந்த நோயில் விழுந்தவர். வீட்டுக்குள்ளிருந்தே, உடம்பு விட்ட நேரத்தில் மட்டும் எழுதி, 2001இல் 'சீபிஸ்கட்', 2010இல் 'அன்புரோக்கன்' என்று இரண்டு புத்தகம் கொடுத்தார். இரண்டும் விற்றுத் தள்ளின, இரண்டும் படமாயின. அவரை ஒன்பது மணிக்குக் கைரேகை வைக்கச் சொல்லியிருந்தால் இரண்டு மெமோ கொடுத்திருப்பார், அதாவது வாங்கியிருப்பார்.

அக்கா இப்போது விருதுநகரில் பெரியம்மா வீட்டில். ஒரு பருப்பு மண்டிக்குக் கணக்கு எழுதுகிறாள். மண்டி அண்ணாச்சி எட்டாம் வகுப்பு. அவருக்கு டெய்லரும் தெரியாது, எம்.ஈ.யும் தெரியாது. "பாப்பா, நீ ராத்திரி போடு, விடியக்காலம் போடு, எனக்கென்ன? இருவதாந்தேதிக்குள்ள ரிட்டர்ன் போயிரணும், அம்புட்டுத்தான்" என்றார். மூன்று மணி நேரம் வேலை, ஒரு மணி நேரம் படுக்கை என்று அவளே பிரித்துக்கொள்கிறாள். மாசா மாசம் பதினாறு, பதினேழாம் தேதியே 3பி ரிட்டர்ன் போய்விடுகிறது. இதைக் கேட்டு யாரும் உருக வேண்டாம். அண்ணாச்சி கொடுப்பது ஒன்பதாயிரம். பி.எஃப். கிடையாது. அவர் மகன் கடைக்கு வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு நல்ல மனுஷன் கண்ணில் பட்டால்தான் பிழைக்கலாம் என்பது ஏற்பாடே இல்லை, லாட்டரி.

கேம்பஸ் இண்டர்வியூ வருகிறது. எல்லாக் கம்பெனியும் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" நாமும் சீனியர் சொல்லிக் கொடுத்த மாதிரி "இங்கே வளர்ச்சி வாய்ப்பு எப்படி சார்" என்று கேட்போம். இந்தத் தடவை வேறொன்று கேளுங்கள். 2016 சட்டத்தின் 21வது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவித்திருக்க வேண்டும். இணையதளத்திலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. "உங்களுடையதைக் காட்ட முடியுமா சார், அதில் வந்து வந்து போகிற நோய் உள்ளவருக்கு என்ன செய்வதாக எழுதியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். ஒருத்தன் கேட்டால் அதிகப்பிரசங்கி. இருபது பேர் கேட்டால் அன்றைக்குச் சாயங்காலமே ஹெட் ஆபீசுக்கு போன் போகும்.

நான் கேட்கப் போகிறேன். வேலை கிடைக்காவிட்டால் அண்ணாச்சி மண்டியில் இன்னொரு லெட்ஜர் காலியாக இருக்கிறதாம்.